கீழ் வயலில் விதை

செப்டம்பர் 9

நெட்டச்சிகள் என் தலையைத் தாண்டிவிட்டார்கள். கம்பெனி இந்தச் செடிக்கு வைத்திருக்கும் பெயர் 'ஏழாம் எண்'. நெட்டச்சி என்பது அங்கம்மா வைத்தது. ஒல்லித் தண்டு, கணுவுக்குக் கணு ஒரு சாண் இடைவெளி, விரல் விரலாக நீண்ட மெல்லிய இலை. வளர்த்தி மட்டும்தான், உடம்பில் சதை கிடையாது. "எங்க சின்ன நாத்தனா மாதிரியே இருக்கு மேஸ்திரியண்ணே. தின்னதெல்லாம் எங்க போவுதுன்னே தெரியல" என்றாள். அன்று முதல் பண்ணை முழுக்க அதுதான் பெயர்.

ஊரில் கேட்கிறவர்களிடம் தாய்லாந்தில் மூலிகைப் பண்ணை என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய்யில்லை. பூவெல்லாம் மருந்துக்குத்தான் போகிறது. உரிமம் வாங்கி, முள்வேலி போட்டு, வாசலில் காவல் வைத்து நடத்துகிறார்கள். ஆனாலும் வருசநாட்டுக்காரன் தன் வாயால் கஞ்சாப் பயிர் என்று சொல்லிவிட்டு அது மருந்துக்கு என்று எத்தனை பேரிடம் சத்தியம் செய்ய முடியும்? சின்ன வயதில் எங்கள் மலையிலிருந்து போலீஸ்காரர்கள் கட்டுக் கட்டாகப் பிடுங்கி வந்து எரித்த செடி. அதைத்தான் இங்கே குளிப்பாட்டி, முட்டுக் கொடுத்து, பெயர் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 22

ஆண் செடி பிடுங்கும் வேலை தொடங்கியது. இதில் ஆண் தனி, பெண் தனி. மருந்து பெண் பூவில்தான். ஆண் பூ மலர்ந்து மகரந்தம் பறந்துவிட்டால் பெண் பூவெல்லாம் விதை பிடித்துவிடும். விதை பிடித்த பூவை மருந்துக்காரன் கையால் தொட மாட்டான். அதனால் கணுவைப் பார்த்து, சின்ன உருண்டை தொங்கினால் ஆண், வெள்ளை மயிர் இரண்டு நீட்டினால் பெண் என்று பிரித்து, ஆணை அங்கேயே தண்ணீர் தெளித்து நனைத்து, பையால் மூடி, வேரோடு எடுத்துவிட வேண்டும். ஆணைத் தொட்டவர்கள் குளித்து உடை மாற்றாமல் பெண் வரிசைக்குள் கால் வைக்கக் கூடாது. இந்தச் சட்டத்தை எழுதியவன் நான். தமிழிலும், தாய்லாந்து எழுத்திலும், பர்மிய எழுத்திலும் கொட்டகைச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

மேல் வயல் என்னுடையது, கீழ் வயல் அங்கம்மாவுடையது. நடுவில் ஒரு மூங்கில் வேலி. அங்கம்மா மோல்மேன் தமிழச்சி. அவளுடைய பாட்டன் காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து பர்மாவுக்குப் போன குடும்பம். புருஷன் இல்லை. மகள் சுகந்தி எல்லை ஊரான மே சோட்டில் பள்ளிக்கூடத்து விடுதியில் படிக்கிறாள். இந்தப் பண்ணை வேலை இருக்கும்வரைதான் அங்கம்மாவுக்கு அனுமதிச் சீட்டு. சீட்டு இருக்கும்வரைதான் மகளுக்குப் பள்ளிக்கூடம். அவளே ஒருநாள் சொன்னாள். "நான் இங்க செடிக்குத் தண்ணி ஊத்தலண்ணே, எம்மவளுக்கு ஊத்துறேன்."

கண் கூர்மை அவளுக்கு. நான் சொல்லிக் கொடுத்த வேலைதான், ஆனால் ஒன்றைக்கூட விட மாட்டாள்.

அக்டோபர் 12

மேலாளர் குணா சார் இன்று மேல் வயலுக்கு வந்தார். ஈப்போக்காரர், மலேசியத் தமிழர். மூன்றாம் வரிசைக் கோடியில் நிற்கிற செடியைப் பார்த்து அசந்துபோனார். மற்றதெல்லாம் பத்தடி என்றால் அது ஓரடி கூடுதல். பூ வைக்கத் தொடங்கிய பிறகும் நீண்டுகொண்டே போகிறது. இந்த இனத்தின் குணமே அதுதான். குளிர் நாட்டுச் செடிகள் குட்டையாக நின்று சீக்கிரம் பூத்து முடித்துவிடும். இது வெயில் நாட்டுக்காரி, எதற்கும் அவசரம் கிடையாது. பூவும் நெருக்கமாக இல்லாமல் கலகலவென்று இருப்பதால் இந்த ஈரத்தில் பூஞ்சை பிடிப்பதில்லை. கசக்கி முகர்ந்தால் மாங்காய்த் தோலும் மிளகும் சேர்ந்த வாசனை.

"இது ராணி லா!" என்றார் குணா சார். பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். "இருபத்தஞ்சாந் தேதி பேங்காக்லேர்ந்து மருந்துக் கம்பெனி ஆளுங்க வராங்க. இத முன்னாடி வச்சுத்தான் பேசப் போறேன். நல்லபடியா முடிஞ்சா ரெண்டு வயலும் உங்க பொறுப்பு. பெர்மனன்ட் லா, சுருளி."

பாண்டீஸ்வரியிடம் போனில் சொன்னேன். "மொதல்ல முடியட்டும்ங்க, அப்புறம் ஊரக் கூட்டுங்க" என்றாள். என் மனைவிக்கு என் வாயைப் பற்றி நன்றாகத் தெரியும்.

அக்டோபர் 15

வீட்டுக்குத் தளம் போடுவது பற்றிப் பாண்டீஸ்வரியோடு நெடுநேரம் பேச்சு. கொத்தனார் ஒன்று சொல்கிறாராம், அவளுடைய அண்ணன் ஒன்று சொல்கிறாராம். கடும் வெயில்.

அக்டோபர் 17

மேல் வயலுக்குச் சொட்டுநீர்க் குழாயைத் திறக்க மறந்திருக்கிறேன். பதினைந்தாம் தேதியிலிருந்தே. இன்று காலையில் போனால் செடியெல்லாம் தலை தொங்கி நிற்கிறது. ராணி ரொம்ப வாடியிருந்தாள். திறந்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் எல்லாம் நிமிர்ந்துவிட்டன. பிறகு யாரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அக்டோபர் 23

இன்று நாள் முழுக்க அலைச்சல். காலையில் ராணியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உச்சிப் பூவுக்குள் மஞ்சளாக எதுவோ தெரிந்தது. விரித்துப் பார்த்தால் சின்ன வாழைப்பழம் போல மஞ்சள் குச்சிகள், நாலைந்து. தாகத்தில் வாடிய பெண் செடி சில சமயம் தானே ஆண் பூவும் விட்டுவிடும். நமக்கு இனி ஆள் வராது என்று பயந்து தனக்குத்தானே வழி தேடிக்கொள்ளும். நெட்டச்சி இனத்தில் அந்தக் குணம் கொஞ்சம் அதிகம்.

சட்டப்படி நனைத்து, மூடி, வேரோடு எடுத்திருக்க வேண்டும். நாளை மறுநாள் பேங்காக் ஆட்கள் வருகிறார்கள். நாலைந்து குச்சிதானே, விரலால் கிள்ளி எடுத்துவிட்டேன். சுத்தமாகிவிட்டது.

அங்கம்மாவுக்கு மூங்கில் சிலாம்பு ஏறிக் கை வீங்கியிருக்கிறது. கீழ் வயலில் செடிகளெல்லாம் காற்றில் சாய்கின்றன, முட்டுக் கட்ட ஆளில்லை. நான் போய்ச் சாப்பாட்டு நேரம்வரை வரிசை வரிசையாகக் கட்டிக் கொடுத்தேன். "மேஸ்திரியண்ணே, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்றாள். உதவி செய்தால் மனசு லேசாகிறது.

அக்டோபர் 25

பேங்காக் ஆட்கள் வந்தார்கள். ராணியோடு எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். குணா சார் என் தோளில் கை போட்டிருந்தார்.

அக்டோபர் 29

ராணிக்குத் தண்டழுகல். பக்கத்தில் நின்ற நாலு செடிக்கும். பிடுங்கி எரிகுழியில் போட்டேன். குணா சாருக்கு வருத்தம்தான். ஆனால் வந்தவர்கள் பார்த்துவிட்டார்கள், ஒப்பந்தமும் பேசியாகிவிட்டது என்று ஆறுதல் சொல்லிக்கொண்டார். எனக்கும் வருத்தம்.

நவம்பர் 10

மழை முழுதாக விட்டுவிட்டது. காலையில் பனிமூட்டம். பத்து மணிக்கு அங்கம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாள். குரல் வழக்கம்போல் இல்லை. போனேன். உள்ளங்கையை நீட்டினாள். பச்சை ஓட்டுக்குள் வெள்ளையாக ஒரு விதை, இன்னும் முற்றவில்லை.

"ஒண்ணுதானா?" என்றேன்.

"நானும் அப்படித்தாண்ணே நெனச்சேன். பிதுக்கப் பிதுக்க வருது. நடு வரிசையெல்லாம் இருக்கு."

நடந்து பார்த்தேன். கண்ட இடத்திலெல்லாம் இல்லை. முட்டுக் கட்டியிருந்த வரிசைகளில், கை உயரத்தில், கட்டுப் போட்ட கிளைகளைச் சுற்றித்தான். ஓரத்து வரிசைகள் சுத்தமாக இருந்தன.

"நான் எந்த ஆணையும் விடலண்ணே. சாமி சத்தியமா விடல. நீங்கதான பாத்தீங்க?" என்றாள். நானும் பார்த்தேன் என்றேன். அவள் ஆண் செடி எதையும் விடவில்லை.

மேல் வயலையும் சோதித்தேன். சுத்தம்.

நவம்பர் 11

காற்றாக இருக்கலாம். மகரந்தம் காற்றில் மைல் கணக்கில் போகும் என்று படித்திருக்கிறேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் யாராவது திருட்டுத்தனமாக வளர்க்கலாம்.

காற்று என்றால் மேல் வயலை ஏன் விட்டது என்று குணா சார் கேட்டார். மூங்கில் வேலி தடுத்திருக்கும் என்றேன். வேலி என் இடுப்பு உயரம்தான்.

நவம்பர் 13

எழுதவே கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

கொட்டகையில் கூட்டம். கம்பெனியின் பெரிய ஆட்களுக்கு யாராவது ஒருவரைக் காட்டியாக வேண்டும். கீழ் வயலில் பாதிப் பூ மருந்துக்கு ஆகாது, ஒப்பந்தம் ஆட்டம் காண்கிறது. அங்கம்மா முன்னால் நின்றாள். கையில் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. குணா சார் கெட்டவரில்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

"அங்கம்மா, ஒரு செடி கண்ணு தப்பியிருக்கலாம் லா. மனுசந்தானே. ஒத்துக்கிட்டா முடிஞ்சுது."

"தப்பலங்க."

"அப்புறம் வெத எங்கேர்ந்து வந்துச்சு?"

"எனக்குத் தெரியலங்க."

குணா சார் என் பக்கம் திரும்பினார். "சுருளி, நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க. நீங்க சொல்லுங்க. அவங்க ஒண்ண விட்டிருக்க வாய்ப்பு இருக்கா?"

அங்கம்மா என்னைப் பார்த்தாள். பயந்து பார்த்ததாகத் தெரியவில்லை. மேஸ்திரி வாயைத் திறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுபோல் பார்த்தாள்.

"வாய்ப்பு இருக்கு சார்" என்றேன்.

நவம்பர் 14

தண்ணீர் விட்டேன். களை எடுத்தேன். சாப்பிட்டேன்.

நவம்பர் 15

அங்கம்மா இன்று போய்விட்டாள். அனுமதிச் சீட்டை ரத்து செய்துவிட்டார்கள். போகிற வழியில் மே சோட்டில் மகளை விடுதியிலிருந்து கூட்டிக்கொண்டு எல்லைப் பாலத்தைத் தாண்ட வேண்டும். பள்ளிக்கூடத்தில் வருஷம் பாதியில் நிற்கிறது.

மூட்டையை நான்தான் வண்டிவரை தூக்கி வந்தேன். அதையாவது செய்தேனாம். அவள் கீழ் வயலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். "கடைசி வரிசைக்குத் தண்ணி கொறைச்சு விடுங்கண்ணே. மண்ணு இறுகலா இருக்கு, வேர் மூச்சு முட்டுது." சரி என்றேன். "சுத்தமா இருக்குற செடியவாச்சும் பாத்து அறுங்க." சரி என்றேன். வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். ஏறாமல் கொஞ்சநேரம் நின்றாள். நானும் நின்றேன். பிறகு ஏறினாள்.

நவம்பர் 17

இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிக்கப் போவதில்லை. அப்படியிருந்தும் இதிலேயே பொய் எழுதியிருக்கிறேன். ராணிக்குத் தண்டழுகல் இல்லை. மறுபடியும் மஞ்சள் குச்சிகள் வந்திருந்தன, கிள்ளக் கிள்ள வந்தன. சுற்றியிருந்த நாலு செடியிலும் பூ உப்பியிருந்தது. எல்லாவற்றையும் குழியில் போட்டு நானே தீ வைத்தேன். அழுகல் என்று யாரிடம் நிரூபிக்க அப்படி எழுதினேன்? எனக்கே நிரூபிக்கத்தான்.

அன்றைக்குக் கிள்ளிய விரலை என் சட்டையில்தான் துடைத்தேன். அதே சட்டையோடு கீழ் வயலுக்குப் போய், ஒவ்வொரு செடியையும் தோளோடு அணைத்து முட்டுக் கட்டினேன். விதை விழுந்த வரிசை எதுவென்று பத்தாம் தேதி பார்த்த அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். காற்று ஒரு செடியும் விடாமல் கை உயரத்தில் மட்டும் அடிக்காது.

மறந்தது தப்பில்லை, கிள்ளியதுகூட முட்டாள்தனம் என்று விடலாம். அந்த மூன்று சொல்? 'வாய்ப்பு இருக்கு சார்.' அதில் மறதி ஏது? நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது, என் மேலேயே.

நவம்பர் 19

பாண்டீஸ்வரி போன் செய்தாள். தளம் போட்டாயிற்றாம். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "ஏங்க, ஒரு மாதிரி பேசுறீங்க?" என்றாள். சொல்லிவிட்டேன், முழுக்க.

அவள் முதலில் கேட்டது இதுதான்.

"அந்தப் பொம்பள மக என்ன படிக்குது?"

"ஆறாப்பு."

"நம்ம வீட்டுத் தளத்துல நிக்கிறேன். இன்னும் ஈரங்கூடக் காயல" என்றாள். "இதுல நான் எப்படிங்க பால் காச்சுறது?"

வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நவம்பர் 20

காலையிலேயே குணா சார் அறைவரை போனேன். உள்ளே யாரோ இருந்தார்கள். திரும்பி வந்துவிட்டேன். யாரும் இல்லாதிருந்தாலும் திரும்பியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

நவம்பர் 23

பர்மியத் தொழிலாளி ஒருவரிடம் மோல்மேன் எண்ணை வாங்கி, மதியம் கொட்டகைக்குப் பின்னால் நின்று கூப்பிட்டேன். அங்கம்மாதான் எடுத்தாள். "மேஸ்திரியண்ணே! நல்லா இருக்கீங்களா? அறுப்பு ஆரம்பிச்சாச்சா?" என்றாள். அந்த 'நல்லா இருக்கீங்களா'வைத் தாங்க முடியவில்லை.

"அங்கம்மா, அது நான்தான். ஏஞ் சட்டையிலருந்துதான் வந்துச்சு."

"தெரியும்ணே."

எனக்குப் புரியவில்லை. மறுபடியும் கேட்டேன்.

"முட்டுக் கட்டுறப்பவே ஒங்க தோள்ல மஞ்சளா இருந்துச்சு. தூசின்னு நெனச்சேன். வெதயப் பாத்தப்புறந்தான் வெளங்குச்சு."

"கூட்டத்துல ஏன்த்தா சொல்லல?"

"நான் சொன்னா யாருண்ணே நம்புவா? மாட்டிக்கிட்டவ மேஸ்திரி தலையில தூக்கிப் போடுறாம்பாங்க. நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். வண்டியில ஏறுற வரைக்கும் இருந்தேன்."

அழுதேன். நாற்பத்து மூன்று வயது ஆள், கொட்டகைச் சுவரில் முகத்தை வைத்து அழுதேன். மன்னித்துவிடு என்றேன். மன்னித்தேன் என்றும் அவள் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"எங்கிட்ட சொல்லி என்னண்ணே ஆவப்போவுது, எனக்குத்தான் தெரியுமே. சுகந்திக்கிட்ட சொல்லுங்க. எம்மவ எட்டு நாளா எங்கூடச் சரியாப் பேசுறதில்ல. ஒன் அசால்ட்டுலதான் எம் படிப்பு போச்சுங்குறா. நான் இல்லன்னு சொல்லிப் பாத்துட்டேன். இருங்க, குடுக்குறேன்."

வேண்டாம் என்று சொல்வதற்குள் போன் கை மாறிவிட்டது.

"ஹலோ" என்றது ஒரு சின்னக் குரல்.

"சுகந்தி, நான் ஒங்கம்மாவோட வேலை செஞ்ச மேஸ்திரி. ஒங்கம்மா மேல தப்பில்லம்மா. தப்பு என்னோடது."

அந்தப் பக்கம் சேவல் கூவுகிற சத்தம் கேட்டது. யாரோ பாத்திரம் கழுவினார்கள்.

"அப்ப ஏன் அன்னைக்கே சொல்லல?"

ஊர் நியாயமெல்லாம் வாயில் வந்தது. வீடு, தளம், பெர்மனன்ட். ஒரு பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது?

"பயந்துட்டேம்மா."

"எங்கம்மாவுந்தான் பயந்தாங்க" என்றாள். "ஆனாலும் பொய் சொல்லல."

நவம்பர் 24

காலை வரிசையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். குழாய், ராணி, சட்டை, கூட்டத்தில் நான் சொன்னது, எதையும் விடவில்லை. பர்மியத் தொழிலாளிகளுக்காக ஒருவர் மொழிபெயர்த்தார். அங்கம்மாவைத் திரும்பக் கூப்பிடுங்கள், என்னை அனுப்பிவிடுங்கள் என்று முடித்தேன்.

குணா சார் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பிறகு என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

"ரத்தான சீட்டு ரத்தானதுதான் லா. புதுசா எழுதிப் போடணும், இந்த வருசம் கெடைக்காது. அடுத்த வருசம் பாக்கலாம்."

"பாக்கலாம்னா, சார்?"

"பாக்கலாம்." கொஞ்சம் யோசித்தார். "ஒங்களையும் அனுப்பிட்டா அறுப்ப யாரு பாப்பா? நெட்டச்சி இன்னும் மூணு வாரம் நிக்கணும். அத அறுக்கத் தெரிஞ்சது இங்க ரெண்டே பேரு. ஒருத்தர் போயாச்சு."

மறுபடியும் வரிசைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். தப்பு எல்லோரும் செய்வோம், ஒத்துக்கொள்ளும் நேர்மை எத்தனை பேருக்கு வரும், இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். அதையும் மொழிபெயர்த்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள்.

தட்டி முடிக்கும்வரை நின்றேன். பிறகு குணா சார் கீழ் வயல் சாவியை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.